ஒரு பில்லுக்கு மூன்று பாக்கெட்

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் சக்கரபாணியின் குடும்பத்தில் யாருக்கும் யாரோடும் உறவு கிடையாது. சக்கரபாணி முன்படிக்கட்டில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார். அவர் மனைவி செந்தாமரை பின்படிக்கட்டில் இறங்கி, பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று கேட்டு, வாங்காமல் நின்று, அவர் தலை மறைந்த பிறகு கிளம்புவாள். ஒரே மகன் வெற்றிச்செல்வன் கடைசியாக இறங்கி டீ குடிப்பான். ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படித்தான். விவாகரத்து வாங்குகிறவர்கள் கோர்ட்டுக்கு மாதக்கணக்கில் அலைகிறார்கள். இவர்களுக்கு ஒரு படிக்கட்டு போதுமாக இருந்தது.

காரணம், சமையல் எண்ணெய்.

சக்கரபாணிக்குத் திண்டிவனத்தில், மரக்காணம் சாலையிலிருந்து பிரியும் தெருவொன்றில் மளிகைக் கடை. போன வருடம் அந்தச் சாலையிலேயே ஒரு சூப்பர் மார்க்கெட் வந்து உட்கார்ந்தது. ஏசி, தள்ளுவண்டி, வாசலில் வணக்கம் சொல்ல ஒரு பெண். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்வதற்காகவே பெருமுக்கல் பக்கத்திலிருந்து சனங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். சக்கரபாணி கடையில் வணக்கமெல்லாம் கிடையாது, 'இன்னா வோணும்' மட்டும்தான். ஆனால் அவர் பயந்தது வணக்கத்துக்கு அல்ல. சூப்பர் மார்க்கெட் வாசலில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்த எண்ணெய் விலைக்கு. அந்த விலைக்கு ஏஜென்சிக்காரர் அவருக்கே பாக்கெட் தருவதில்லை. கேட்டதற்கு, அவர்கள் லாரியில் எடுக்கிறார்கள், நீங்கள் டிவிஎஸ் ஃபிஃப்டியில் எடுக்கிறீர்கள் என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எண்ணெய்க்குப் போகிறவர்கள் துவரம் பருப்பையும் அங்கேயே போட்டுக்கொண்டு வருவார்கள். பருப்பு போனால் புளி போகும், புளி போனால் கடை போகும். இதற்காக யாரும் எம்பிஏ படிக்க வேண்டியதில்லை. ஆகவே சக்கரபாணியும் தன் கடை வாசலில் ஒரு சிலேட்டை மாட்டி, சாக்பீஸால் அதே விலையை எழுதினார். சரக்குக்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தார். திண்டிவனத்தில் அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தால் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம்வரை சேதி போய்விடும். அதே கம்பெனிக்கு விழுப்புரத்தில் ஒரு கிளை இருந்தது. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. எதிரியின் கிடங்கிலிருந்தே தோட்டா எடுத்து எதிரியைச் சுடுவது என்று அவர் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். ஒரு பில்லுக்கு மூன்று தோட்டாதான் தருவார்கள் என்பதுதான் சிக்கல்.

அதனால் மூன்று பேர், மூன்று பில். முதல் சுற்று முடிந்ததும் பைகளை ஒரு டீக்கடையில் வைத்துவிட்டு இரண்டாம் சுற்று. அதற்காகச் சக்கரபாணி கட்டணக் கழிப்பறைக்குப் போய் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட சட்டையில் வெளியே வருவார். செந்தாமரை மாஸ்க் போட்டுக்கொள்வாள். வெற்றிச்செல்வன் தொப்பி. திரும்பும் பஸ்ஸிலும் தனித்தனி சீட்டுதான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிய பிறகுதான் மறுபடி குடும்பம். கம்பெனி ஆட்களும் பஸ்ஸில் வருவார்கள் என்பது சக்கரபாணியின் கணிப்பு.

வெற்றிச்செல்வனுக்கு இந்த ஏற்பாட்டில் வேறொரு கவலை இருந்தது. அவன் மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் பிபிஏ இரண்டாம் வருடம். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் ஜோக் அடிப்பதில் வகுப்பில் அவனுக்குப் பெயர் உண்டு. அவன் சொல்லி முடித்து, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அவன் மட்டும் இரங்கல் கூட்டத்தில் நிற்பவனைப் போல நிற்பான். அப்பா என்ன செய்கிறார் என்று முதல் வருடம் யாரோ கேட்டபோது, எஃப்.எம்.சி.ஜி. துறையில் இருக்கிறார் என்று சொன்னான். பொய் இல்லை. சோப்பு, ஷாம்பு, ஊதுவத்தி எல்லாம் அந்தத் துறையில்தான் வருகின்றன. கேட்டவர்கள் அதைப் பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை. அப்படி எடுத்துக்கொண்டவர்களில் அருணாவும் ஒருத்தி. அவள் சிரித்தால்தான் அன்றைக்கு அவன் கல்லூரிக்கு வந்ததாகக் கணக்கு. அவள் வீடு விழுப்புரத்தில். எண்ணெய் வாங்கப் போகும் ஒவ்வொரு ஞாயிறும், இன்றைக்கு மட்டும் அவளை அந்தப் பக்கம் கொண்டுவந்துவிடாதே என்று அவன் மயிலம் முருகனிடம் மனு கொடுத்துவந்தான். இத்தனை மாதம் முருகன் அந்த மனுவை அனுமதித்துவந்தார்.

அந்த ஞாயிறு இரண்டாம் சுற்றில், ரவை அடுக்கியிருந்த இடத்தில் சக்கரபாணி அவனைக் கடந்து போனார். போகிற போக்கில், வாயைத் திறக்காமல், மூணாம் கவுண்ட்டரில் கூட்டம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டம் போட்ட சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது. சட்டையின் ஒரு நுனி மேலும் ஒரு நுனி கீழுமாகத் தொங்கியது. வெற்றிச்செல்வன் பார்த்தான். சொல்லலாம்தான். விதிப்படி அவர் யாரோ என்பதால் சொல்லவில்லை.

மூன்றாம் கவுண்ட்டரில் அவன் மூன்று பாக்கெட்டோடு நின்றபோது பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"டேய் வெற்றி, நீ இன்னாடா இங்க?"

அருணா. பக்கத்தில் அவள் அம்மா, கூடையில் கோதுமை மாவோடு.

சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததாகவும், அத்தை எண்ணெய் வாங்கி வரச் சொன்னதாகவும் அவன் சொன்னான். இல்லாத அத்தைக்கு ஒரு தெருப் பெயர்கூடக் கொடுத்தான். அருணா தன் அம்மாவிடம் அவனைக் காட்டி, வகுப்பிலேயே இவன்தான் வாய், இவங்கப்பா பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் என்றாள். அந்த அம்மாள் மரியாதையாகச் சிரித்தார்கள். வெற்றிச்செல்வன் எதிர் கவுண்ட்டரைப் பார்க்காமலிருக்க, சூயிங்கம் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தான்.

எதிர் கவுண்ட்டரில்தான் சக்கரபாணி நின்றார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய சூப்பர்வைசர் ஒருவன் அவர் அருகில் வந்து, மிகவும் பணிவாக, காலையில் வெள்ளைச் சட்டையில் வந்தது நீங்கள்தானே என்று கேட்டான். அது என் அண்ணன் என்றார் சக்கரபாணி. ரெட்டைப் பிள்ளையா என்று அவன் கேட்டதற்கு, கிட்டத்தட்ட என்றார். வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"கடை வச்சிருக்கீங்களா ஐயா?"

"இல்லப்பா. வூட்டுக்குதான். விசேஷம்."

சூப்பர்வைசர் அவர் பையிலிருந்து மூன்று பாக்கெட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தான். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். தனியாகத்தான் வந்தேன் என்றார். அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். அவன் கண் தொப்பியில் வந்து நின்றது.

"ரவை பக்கத்துல இந்தத் தம்பிகிட்ட எதோ பேசுனீங்களே. தம்பி, இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

இரண்டு வரிசையும் திரும்பியது. அருணாவும் திரும்பினாள். சக்கரபாணி அவனைப் பார்த்தார். விதி அவர் போட்டதுதான். அவர் கண்ணிலும் அதுவே எழுதியிருந்தது. தெரியாது என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஞாயிறும் ஒத்திகை.

"தெரியாது," என்றான் வெற்றிச்செல்வன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது எண்ணெய்க் கணக்கில் போயிருக்கும். ஆனால் அருணா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனிடமிருந்து ஏதோ வரப்போகிறது என்று வகுப்பில் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அவன் சக்கரபாணியின் வழுக்கைத் தலையைப் பார்த்து, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னான்:

"முடி இருந்தாலாவது தலைக்குத் தேய்க்கிறாருன்னு சொல்லலாம்."

இரண்டு வரிசையும் சிரித்தது. பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசர் குனிந்துகொண்டான். அருணா அவன் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். சக்கரபாணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார். வழுக்கையை மறைக்கிறார் என்று வரிசை இன்னொரு தரம் சிரித்தது. அருணாவின் அம்மா மட்டும், பாவம்டி, சின்னதாக் கடை கிடை வச்சிருப்பாரு என்றார்கள்.

கடைசிக் கவுண்ட்டரில் மாஸ்க் போட்டிருந்த ஒரு பெண்மணி பில்லை வாங்கிக்கொண்டு, பாக்கிச் சில்லறைக்கு நிற்காமல் வெளியே போனாள்.

சக்கரபாணியை எண்ணெய் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் வாசல்வரை கூட வந்து, இனிமேல் வர வேண்டாம் ஐயா என்று சொல்லி, அதற்கும் ஒரு கும்பிடு போட்டான். வெற்றிச்செல்வனுக்குப் பில் போட்டார்கள். அருணா வாசலில் கையாட்டி, நாளைக்கு க்ளாஸில் இதை எல்லாரிடமும் சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திண்டிவனம் பஸ்ஸில் செந்தாமரை முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஏறியதைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விக்கிரவாண்டி தாண்டியும் திரும்பவில்லை. விதி முடிந்தது அவளுக்குத் தெரியாததுபோல் இருந்தது. சக்கரபாணிதான் பின்சீட்டிலிருந்து கையைத் தூக்கி அவனைக் கூப்பிட்டார். இன்னும் முண்டாசு அவிழ்க்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, கூம்புப் பொட்டலத்தில் இருந்த வேகவைத்த வேர்க்கடலையை, அவர்கள் ஊர் மல்லாட்டையை, நீட்டினார்.

அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். நீ மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்றால் அவன் இன்னும் கேள்வி கேட்டிருப்பான், உன் அம்மாவையும் பிடித்திருப்பான், ஊர் பேரைக்கூடக் கேட்டிருப்பான் என்றார். முடி விஷயத்தை ஒருமுறை தானே சொல்லிப் பார்த்துச் சிரித்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா வாய் வருது உனக்கு," என்றார். "எனக்குலாம் இப்பிடி வராது."

வெற்றிச்செல்வன் மல்லாட்டையை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அது நடிப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ப்பா, அங்க ஒரு பொண்ணு..."

"உன்கூட படிக்குதா?"

அவன் தலையை ஆட்டினான்.

"பேர் சொல்லிக் கூப்டுச்சே, காதுல வுழுந்துச்சு." சக்கரபாணி முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய காதுகள் இரண்டும் தலையிலிருந்து விலகி, கேட்பதற்குத் தயாராக நிற்பவைபோல் வெளியே வந்தன. "நமக்கு ரெண்டு பேருக்கும் காது அச்சா ஒரே மாதிரின்னு உங்கம்மா சொல்லிக்கினே இருக்கும். அந்தப் பொண்ணு உன்னப் பாக்குது, என்னப் பாக்குது. அதான் துண்டக் கட்டிக்கினேன். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, பயப்படாத."

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. மயிலத்துக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். வெற்றிச்செல்வன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

சிலேட்டை அழித்துவிடலாமா என்று சக்கரபாணி தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வேண்டாம், வாடிக்கையாக எண்ணெய் வாங்கும் சாரா பீவி வந்து பார்த்துவிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்கே போய்விடும், ஒரு வாரம் நஷ்டத்துக்கே கொடுக்கலாம் என்று தானே பதிலும் சொன்னார். கையை விட்டு, முதல் சுற்றில் வாங்கிப் பையில் வைத்திருந்த பாக்கெட்டுகளைத் தடவிப் பார்த்தார், கசிகிறதா என்று. கசியவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம நீ வராத," என்றார். "அந்தப் பொண்ணு அங்கதான் வாங்குது போல. நானும் உங்கம்மாவும் வேற கடை எதுனா பாத்துக்கறோம்."

சரி என்றோ வேண்டாம் என்றோ ஏதாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கவுண்ட்டரில் கேட்காமலே வந்த வாய், திண்டிவனம் வந்து பஸ் நின்று, முன்னால் அம்மா இறங்கி, அப்பா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்த பிறகும் வரவில்லை. அவன் பையின் இன்னொரு காதைப் பிடித்தான். சக்கரபாணி பழக்க தோஷத்தில் சட்டென்று அவன் கையை உதறிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.