நாலாம் கட்டளையில் தூங்கிய பிள்ளை

பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் பிழையில்லாமல் ஒப்பிக்கக்கூடிய ஒரே பிள்ளை கெசியா. எட்டு வயது. அன்று பயிற்சியின்போது, நாலாம் கட்டளையின் பாதியில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

வகுப்பாசிரியை நிரஞ்சனி அவளை எழுப்பவில்லை. தன் சால்வையை மடித்து அவள் கன்னத்துக்குக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து சந்திரகலா உள்ளே வந்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இப்போது ஞாயிறு பள்ளித் தலைவி.

“என்ன இது? ஞாயிறு பள்ளியா, ஹோட்டலா?”

“கொஞ்சம் தூங்கட்டும் அக்கா. பிள்ளைக்கு முடியல.”

“சனிக்கிழமை கிள்ளான்ல வசனப் போட்டி லா! ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் பயிற்சின்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். கண்ணு தெரியலையா உனக்கு?”

“தெரியுது. காலைல நாலு மணிக்கு எழுந்து அம்மாகூட விக்கிறதுக்கு நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மடிச்சிட்டு வந்திருக்கா. நேத்து முழுக்க டியூஷன். எப்பதான் கண்ணை மூடுவா?”

“எந்தப் பிள்ளைதான் களைப்பா இல்ல? நீதான் கெடுக்கிற. போன வருஷமும் உன் வகுப்பு கதை கேட்டுச்சு, படம் வரைஞ்சுச்சு. கோப்பையை மட்டும் கிள்ளான்காரன் தூக்கிட்டுப் போனான்.”

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். சந்திரகலா திரும்பியதும் நிறுத்திக்கொண்டான்.

“எந்தக் கட்டளைல படுத்தா?”

“நாலாவது. ஓய்வுநாள். அவ சொன்னபடி செய்றா அக்கா. நாமதான் செய்யல.”

நிரஞ்சனி அதைச் சாந்தமாகச் சொல்லியிருக்கலாம். குத்தவேண்டும் என்றே சொன்னாள்; குத்தியது.

சந்திரகலாவின் முகம் கறுத்தது. “எனக்கே பைபிள் படிச்சுக் குடுக்கிறியா? நாப்பது வருஷமா இந்தக் கட்டடத்தைக் கூட்டியிருக்கேன். பணக்காரங்க இருக்கிற பங்சார்லேருந்து கார்ல வந்து இறங்குற நீ எனக்குச் சொல்ல வேணாம். இப்ப அவளை எழுப்பு. இல்லன்னா பேர்ப் பதிவேட்டை வச்சிட்டுப் போ. இனிமே இந்த வகுப்பை நான் பார்த்துக்கிறேன்.”

ஒன்பது ஆண்டுகளாக நிரஞ்சனி நடத்திய வகுப்பு. கெசியா தன் முதல் ஜெபத்தைச் சொன்னது இந்த அறையில்தான். புதுச் செருப்பு அறுந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். எழுப்புவது ஒன்றும் பெரிய வேலையில்லை. தோளைத் தொட்டால் போதும்.

நிரஞ்சனி அந்தத் தோளைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டை எடுத்து சந்திரகலாவின் கையில் கொடுத்தாள்.

“எழுப்பினா ஒப்பிப்பா அக்கா. ஜெயிக்கவும் செய்வா. அப்புறம் இயேசு சாமியும் ஒரு டியூஷன் வாத்தியார்னு நினைச்சுக்குவா. அதை என் கையால செய்ய மாட்டேன்.”

“பேசத் தெரியுது. போ.”

நிரஞ்சனி போய்விட்டாள். யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

“ம், ஆரம்பிங்க. முதல் கட்டளை! சத்தம் கேட்டா அவளே எழுந்துக்குவா.”

மற்ற பதினொரு பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். முதல் கட்டளையைச் சொன்னார்கள், மூச்சு விடுகிற அளவுக்கு மெதுவாக.

“கேக்கல. சத்தமா!”

அவர்கள் கெசியாவைப் பார்த்தார்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது, அவள் அசையவில்லை. மறுபடியும் அதே மெல்லிய குரலில் தொடங்கினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சிரித்த பையன்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னான்.

சந்திரகலா மேசையில் தட்டுவதற்கு மர அடிக்கோலை ஓங்கினாள். தட்டவேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தச் சிறிய தலை இருந்தது. கை சற்று நேரம் மேலேயே நின்றது. பிறகு அடிக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“வாயைத் திறந்து சொல்லுங்கடா,” என்று அதட்டினாள். அந்த அதட்டலும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.