இருபத்தேழாம் வரிசை

கரடியூர்ச் சரிவில் அந்த நாற்பது வரிசைப் பருத்தியைச் சாகவிடத்தான் நட்டிருந்தார்கள். வாடல் நோயில் மடிந்த செடிகளை இரண்டு வருடமாக அதே மண்ணில் போட்டு உழுதிருந்தார்கள். மலைக்குளிரில் அந்த நோயைத் தரும் பூஞ்சை இன்னும் வெறியோடு வேர் வழியே ஏறும். வரிசைக்கு ஒன்றாக நாற்பது ரகங்களில் எது அதையும் தாங்கி நிற்கும் என்பதுதான் சோதனை. இந்த ஆண்டும் ஒன்றும் தேறாவிட்டால் வயலை மூடிவிட்டு, ஆராய்ச்சி உதவியாளர் லூர்துசெல்வியைக் கோயமுத்தூருக்கு மாற்றிவிடுவார்கள். அவள் கணவன் ஆரோக்கியதாஸ் பக்கத்து நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கல்யாணமாகி ஏழே மாதம்.

1986 டிசம்பரில் ஒரு ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து இருவரும் நேரே வயலுக்கு வந்தார்கள். முப்பத்தொன்பது வரிசைகள் இலை பழுத்து உதிர்ந்து குச்சியாக நின்றன. இருபத்தேழாவது மட்டும் பச்சைப் பசேலென்று, பனி சொட்ட, காய் வெடித்து நின்றது.

"செல்வி..." என்ற ஆரோக்கியதாஸ், தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டான்.

களையெடுக்கும் அத்தாயி பின்னால் வந்து நின்றாள். "செடி சாகறதுக்குக் கூலி குடுக்கற ஆபீசு உங்களுதுதானுங்க அம்மிணி! மனசு கேக்காம நாந்தான் அடுப்புச் சாம்பலக் கொண்டாந்து போட்டேன். பாருங்க, பொழச்சுக்கிச்சு!"

லூர்துசெல்வி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். பிழைத்தது ரகத்தாலா, சாம்பலாலா? இனி யார் நம்புவார்கள்?

"இந்த வரிசைக்கு மட்டுமா போட்டீங்க?"

"அதெப்படீங்க? மத்ததுக பாவமில்லீங்களா? நாப்பது வரிசைக்கும், செடிக்கு ஒரு கை. எங்க ஊட்டு அடுப்புல சாம்பலே தங்கறதில்லீனு எங்கூட்டுக்காரரு நொம்ப வையறாருங்க."

"எல்லாத்துக்கும் ஒரே அளவு," என்றாள் லூர்துசெல்வி மெல்ல. "அப்படியும் முப்பத்தொன்பது செத்துருச்சு."

ஆனாலும் வெளிப்பச்சையை நம்ப முடியாது. நோய் தண்டுக்குள் பழுப்புக் கோடாக ஒளிந்திருக்கும். கத்தியை எடுத்தாள். ஆரோக்கியதாஸ் தண்டைப் பிடித்துக்கொண்டான். வேரிலிருந்து மேல்வரை கீறினாள்.

வெள்ளை. பால்போல வெள்ளை. அடுத்தடுத்து நான்கு செடிகளைக் கீறினாள். எதிலும் ஒரு கோடு இல்லை.

"இத்தனை விஷத்துல வேரூன்றி நின்னுட்டு, உள்ள ஒரு கறை இல்லீங்களே!" அத்தாயியின் குரல் இறங்கிவிட்டது.

"ஏனுங்க," என்றாள் லூர்துசெல்வி கணவனிடம், "அடுத்த வருஷம் இந்த விதைய இதே மண்ணுலதான் போட்டுப் பாக்கணும். நானேதான் போடுவேன்."

 பிளந்த தண்டை இரு கைகளிலும் ஏந்தி, அவன் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றான்.