ஆறடி மூணங்குலம்

ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் பாண்டிதுரைதான் முதல் ஆள். ஆனால் நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்கிறதென்று மெடிக்கலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராஜபாளையத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் அம்மா மாரிக்கனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தப் பாவி கண் பட்டதோ!

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பாண்டிதுரையிடம் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைப் பொத்தச் சொன்னார். விரல்நுனி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"உடம்பைச் சேர்த்துக் கட்டுற திசு இவருக்குப் பிறவியிலேயே இளக்கம். அதான் இந்த வளர்த்தி, இந்த நீளக் கை. இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயும் இளகி விரிஞ்சிருக்கு. இனிமே ஓடக் கூடாது. வீட்டுல வேற யாரும் இப்படி உண்டா?"

மாரிக்கனிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அவிய வம்சமே இப்படித்தாம்மா! இவன் அப்பா ஆறடி மூணங்குலம். போலீஸ் பரேட்ல ஓடும்போதுதான் விழுந்து..."

பதினொரு வருஷமாக அந்தச் சாவையும் கண்ணேறு என்றுதான் சொல்லிவந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் வாசல் நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு, கையோடு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டவள் அவள்தான்.

போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மகள் முத்தரசி.

"எம்மா, டீச்சர் போன்லேருந்து பேசுதேன். பாஸ்கெட்பால் டீம்ல என்னைய எடுத்துட்டாவ! நாந்தான் எல்லாரவிட வளர்த்தியாம். இந்தா, மேட்ச் ஆரம்பிக்கப் போவுது!"

"ஏட்டி, ஓடாத!"

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. போனில் விசில் சத்தம் மட்டும் கேட்டது.