இடப்பக்கத்துச் சத்தம்

1

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஹஸ்னாவா, கோக் செங்கா என்று இப்போது நிச்சயமில்லை. மலேசியாவின் தைப்பிங்கில் இருவரும் எனக்குப் பழக்கம். இருவரும் பாதிதான் சொன்னார்கள். கதையில் வரும் வண்டி சிவப்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். வெள்ளை என்று ஹஸ்னா திருத்தினார். இன்னும் எதையெல்லாம் தப்பாக வைத்திருக்கிறேனோ.

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: 'புக்கிட் பெராபிட் வளைவுகளில் அந்தப் பழைய வண்டி அழுதுகொண்டே ஏறியது.' வேண்டாம். வண்டி அழாது. பிறகு: 'மழை விட்ட ஒரு மதியம் நோர்டின்' — இதுவும் வேண்டாம். எங்கள் ஊரில் எல்லாமே மழை விட்ட பிறகுதான் நடக்கிறது.

நேராகவே சொல்கிறேன். நோர்டின் நில அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஹஸ்னா அவர் மனைவி. அவர்களிடம் இருந்தது, இருவர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கையால் கியர் மாற்றுவது. நோர்டினின் பள்ளிக்கால நண்பரான மெக்கானிக் கோக் செங் அதன் கியர்பாக்ஸைப் பிரித்துப் புது பேரிங்குகள் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு சத்தம். மெல்லியது, கூரானது, ஓயாதது. இடப்பக்கத்திலிருந்து வந்தது. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு கியர்பாக்ஸ் இடப்பக்கம்தான்.

2

"எந்த கியர்ல கேக்குது?" என்றார் கோக் செங்.

"மூணுல."

"நாலுல?"

"கேக்குது."

"நியூட்ரல்ல நிக்கிறப்ப?"

"அப்பவும்தான்."

"கிளட்ச் மிதிச்சா?"

நோர்டின் மிதித்துப் பார்த்தார். "கேக்குதுடா."

"டேய் டின், கிளட்ச மிதிச்சுட்டு நின்னா கியர்பாக்ஸுக்குள்ள எதுவுமே சுத்தாது. அப்புறம் எது கத்தும்? உங்க ஆபீஸ் பைலா?"

கோக் செங் நீளமான திருப்புளியின் முனையை கியர்பாக்ஸ் மீது ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். ஒன்றுமில்லை. நோர்டினிடம் கொடுத்தார். நோர்டின் இடது காதில் வைத்தார்.

"இதோ! பெர்டெசிங். உனக்குக் கேக்கலன்னா நான் என்ன செய்ய?"

(அந்தச் சொல்லைத் தமிழாக்கப் பார்த்துக் கைவிட்டேன். ரீங்காரம் என்றால் வண்டு வந்துவிடுகிறது. மலாயில் வேகமாகச் சுழலும் உலோகமும் பெர்டெசிங், காரணமில்லாமல் காதுக்குள் ஒலிப்பதும் பெர்டெசிங். யாராவது சுடச்சுடப் பேசினால் காதில் ஏறுகிறதே, அதுவும் அதுதான். மெக்கானிக் கடையில் சொன்னால் முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். சொன்னவரும் அதைத்தான் நினைத்திருந்தார்.)

"புது பேரிங் போட்டேன்டா" என்றார் கோக் செங்.

"போட்டியா, இல்ல பழசையே தொடச்சு மாட்டிட்டியா?"

இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். கோபம், கூச்சல், தூக்கியெறிந்த ஸ்பானர். எதுவும் நடக்கவில்லை. கோக் செங் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப என் காதுலயும் பெர்டெசிங்" என்றார். "வண்டிய விட்டுட்டுப் போ."

3

நோர்டின் வீட்டுக்கு நடந்தே வந்தார். தகரக் கூரையில் மழை ஓய்ந்த நேரம். ஹஸ்னாவும் அவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நோர்டின் எழுந்துபோய் விசிறியின் சுவிட்சைத் தட்டினார்.

"எதுக்கு பாங் அதப் போடுறீங்க? குளிருது." ஹஸ்னா கணவரை 'பாங்' என்றுதான் அழைப்பார்.

"போடுறனா? அணைக்கிறேன். ஒரே சத்தம்."

"அது ஓடவேயில்லையே."

நோர்டின் மேலே பார்த்தார். இறக்கைகள் அப்போதுதான் மெதுவாகச் சுற்றத் தொடங்கியிருந்தன. மறுபடி அணைத்தார். ஜன்னலுக்குப் போய் வெளியே பார்ப்பதுபோல் நின்றார். ஹஸ்னா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் அந்த வீட்டில் இல்லை.

அன்றிரவு நோர்டின் என்ன நினைத்தார் என்று எழுத எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. ஒன்று மட்டும் எழுதலாம்: சத்தம் வண்டியில் இருந்தால் நண்பன் ஏமாற்றுக்காரன். காதில் இருந்தால், ஏமாற்றாதவனை அப்படிச் சொல்லியாகிவிட்டது. சத்தம் வண்டியிலேயே இருக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருக்கக்கூடும்.

4

காலையில் கடைக்குப் போனார். வெள்ளை வண்டி தாங்கிகள் மேல் நின்றது. கியர்பாக்ஸை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் துடைத்து, பழைய சீன நாளிதழ் மேல் பரப்பியிருந்தார் கோக் செங். பேரிங்குகள் எல்லாம் புதியவை. ஓரத்தில் பொறித்த எழுத்துகூட மழுங்கவில்லை.

நோர்டின் குனிந்து பார்த்தார். கடையில் வேறு வேலை நடக்கவில்லை. சாலையிலும் ஓசையில்லை.

கோக் செங் கேட்டார்: "இப்ப கேக்குதா, டின்?"

கேட்டது.

அவர் என்ன பதில் சொன்னார்? 'நின்னுடுச்சுடா' என்று ஒரு முடிவு எழுதினேன். 'மன்னிச்சுக்கடா, இது என் காதுல' என்று இன்னொன்று. ஒன்றும் சொல்லாமல் ஒரு பேரிங்கை எடுத்து விரலில் சுழற்றினார் என்பது மூன்றாவது. அழகாக இருந்ததால் அதைச் சந்தேகிக்கிறேன். கோக் செங்கிடமே கேட்டேன்.

"அவன் சொன்னது எனக்கு. உனக்கு எதுக்கு லா?" என்றார்.

ஆகவே அந்தப் பதிலை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த மிச்சம் இவ்வளவுதான். நோர்டினுக்கு இடது காது இப்போது கேட்பதில்லை. வண்டியை ஹஸ்னா ஓட்டுகிறார். கோக் செங் கடையை மூடிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு பெருநாளன்றும் வந்து, பானட்டைத் திறந்து எண்ணெய் பார்த்துவிட்டு, மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு சாப்பிட உட்காருகிறார். எந்த நாற்காலி காலியாக இருந்தாலும், நோர்டினின் வலப்பக்கம்தான் உட்காருகிறார்.