கட்ஸ் என்றால் குடல்

1

இந்தக் கதை ஆஸ்பத்திரியில் என் அண்ணி அடித்த ஒரு ஜோக்கில் பிறந்தது. அண்ணி வானொலியில் கால்பந்து வர்ணனையாளர். ஆட்டத்துக்கு நாலு தடவையாவது "கட்ஸுன்னா இதுதான்" என்பார். குடலில் கட்டி, ஒரு பகுதியை வெட்டியெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "அப்போ என் கட்ஸைக் குறைக்கப் போறீங்க" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்கு முதலில் குடல் என்றுதான் பொருள். துணிச்சல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'துணிச்சல் என்பது மனத்தின் ஆழத்தில்...' தொலையட்டும். அது வயிற்றில் இருக்கிறது.)

2

குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மேலே ஒரு பை ஒட்டினார்கள். அது நினைத்த நேரத்தில் சத்தம் போடும். அடக்க வழியில்லை.

வானொலி நிலைய அதிகாரி தயங்கினார். "ஃபைனல்ஸ் வேணாமே. மைக்ல கேட்டுட்டா?"

"கேக்கட்டும் சார். நான்தான் பேசுவேன்."

"உனக்கு கட்ஸ் ரொம்பத்தான்மா."

இங்கே பொருள் திமிர். (இதையே ஒரு ஆணிடம் சொல்லியிருந்தால்... வேண்டாம். அண்ணி கதையில் எனக்கு எதற்கு மேடை?)

3

இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் பெனால்டி. வீட்டில் என் பக்கத்தில் அண்ணன் வானொலியை மடியில் வைத்துக்கொண்டு நகம் கடிக்கிறான். மைதானமே மூச்சைப் பிடித்திருக்கிறது. அண்ணி குரலைத் தாழ்த்துகிறார்: "பந்தை வைக்கிறார்... பின்னால போறார்..."

அப்போது வயிறு பேசியது. நீளமாக. நாடு முழுக்க.

(இங்கே மைக்கை அணைப்பதாக ஒரு வரைவு எழுதினேன். அணைக்கவில்லை.)

"அது என் வயிறுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் அதுக்குத் தனி வாய். அதுக்கும் டென்ஷன் தாங்கல. இதோ ஓடி வர்றார், அடிக்கிறார், கோ...ல்!"

அண்ணன் வானொலியைக் கட்டிக்கொண்டு அழுதான், சிரித்தான், எனக்கும் ஒரு குத்து விட்டான்.

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. அண்ணிதான் எடுத்தார். பெண் குரல்.

"எனக்கும் அந்தப் பை இருக்குங்க. பெத்த பொண்ணுக்கே தெரியாது. கல்யாணம் காட்சின்னு எங்கயும் போறதில்ல. நானும் வெளிய வரலாமா?"

"நீங்க என்ன அண்ணி சொன்னீங்க?"

"நீதான் எழுத்தாளனாச்சே. எழுதிக்கோ."

'தைரியமா வாங்க' என்று எழுதி அடித்தேன். 'பயமாத்தான் இருக்கும்' என்று எழுதி அதையும் அடித்தேன். நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பெண் இன்னும் போனை வைக்கவில்லை.