நாலு மணிக்குள் ரிமோட்

என் மாமியார் செல்லிக்குப் பொய் சொல்ல வராது. வராது என்றால் சுத்தமாக வராது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால்கூட இறங்குகிற இடத்தில் கூப்பிட்டு வாங்கிக்கொண்டு இறங்குகிற ஆள். அவரைப் போய் ஒருத்தர் முகத்துக்கு நேராக "அளக்காதே" என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

சொன்னது எங்கள் வீட்டுக்கார அம்மா சரோஜம்மாள். மத்திகிரியில் அவருடைய ஆறு லைன் வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. அத்தை முப்பது வருடம் சரோஜம்மாள் குடும்பத்து நிலத்தில் களை எடுத்தவர். இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. ஆயுத பூஜை அன்று அந்தக் கம்பெனியில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். கேன்டீன் பெண்கள் பேக்கிங் செக்ஷன் இளசுகளைத் தரதரவென்று இழுத்து ஜெயித்துவிட்டார்கள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக நின்றது அத்தை. வயது ஐம்பத்தேழு.

பரிசுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவரை சரோஜம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏ செல்லி, என்னா கொடம்? கம்பெனில எல்லாருக்கும் குடுத்தாங்களா?"

"இல்லம்மா. கயிறு இழுத்து ஜெயிச்சேன்."

"நீயா? இந்த வயசுலயா? சும்மா அளக்காத."

அத்தை உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"பாத்திரம் தேச்சா அப்பிடித்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

அன்று ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. கை எரிகிறது என்றார். எரிந்தது கை இல்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கேன்டீனில் அத்தைக்கு ஒரு நல்ல சேதி கிடைத்தது. உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் அந்தப் போட்டியைப் படம் பிடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, ஒரே ஒரு தடவை போடுவார்களாம். அத்தை நேராக சரோஜம்மாளிடம் போய்ச் சொன்னார். அவர், "அப்பிடியா? சரி, எங்க வீட்டுக்கு வந்து ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்க" என்றார்.

"வேணாம்மா. எங்க வீட்டுலயே டிவி இருக்குது. நீங்க வாங்க, நாலு மணிக்கு."

இப்படிச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனால் எங்கள் வீட்டு டிவி பூஜை அன்றைக்கே படுத்துவிட்டது. டிவி மட்டுமில்லை, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றும் ஆளுக்கொரு சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எந்த ரிமோட்டுக்கும் அசையவில்லை. பூஜைக்காக மூன்று ரிமோட்டையும் ஈரத்துணியால் துடைத்தவள் நான். எனவே குற்றவாளியும் நான்தான்.

"தண்ணி உள்ள போயிருச்சு. எல்லாம் உன்னாலதான்" என்றார் என் வீட்டுக்காரர் விமல்ராஜ். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஸ்க்ரூடிரைவர் கையில் கிடைத்தால் உலகத்தையே கழற்றிப் பார்ப்பார். மூன்று ரிமோட்டையும் கழற்றினார். ஸ்பிரிங் ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடியது, ரப்பர் பட்டன்கள் கிழிந்தன, பிறகு மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கட்டி வைத்தார்.

ஞாயிறு காலையில் பஜாருக்குப் போய் ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கி வந்தார். ஒரே ரிமோட், எல்லாச் சாமானுக்கும் வேலை செய்யும். கூடவே போர்வை மாதிரி விரிகிற ஒரு தாள். அதில் எறும்பு எழுத்தில் கம்பெனி பெயர்களும் நான்கு இலக்க எண்களும். 'செட்' பட்டனை அழுத்திப் பிடித்து, சிவப்பு விளக்கு வந்ததும் எண்ணைப் போட வேண்டும். சரியான எண்ணாக இருந்தால் டிவி கேட்கும்.

விமல்ராஜ் பத்து எண் போட்டார். எதைப் போட்டோம், எதைப் போடவில்லை என்று அவருக்கே தெரியவில்லை.

"கொண்டாங்க இங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். நான் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். பார்த்ததை எழுதாவிட்டால் பார்க்காத மாதிரிதான் எங்களுக்கு. பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டு, தாளில் அடித்துக்கொண்டே வந்தேன். டிவிக்கு இருபத்தொரு எண். ஹோம் தியேட்டருக்குப் பதினாறு. செட்டாப் பாக்ஸ் பெயர் தாளிலேயே இல்லை. அதற்கு ரிமோட்டே எண் தேடுகிற வழி ஒன்று இருந்தது, பவர் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். பெருவிரல் வலிக்கிற வரைக்கும் அழுத்தினேன். மூன்றும் கல்லுப் பிள்ளையாராக இருந்தன.

மணி மூன்றே கால். லைன் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை புதுப்புடவை கட்டி, வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். உரிந்த உள்ளங்கை படாமல் விரல் நுனியால்தான் டம்ளரைப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பேசாம அவங்க வீட்டு ஜன்னல்லயே பாத்துக்கலாம்மா" என்று விமல்ராஜ் மெல்லச் சொன்னார்.

"வாய மூடுங்க" என்றேன். அத்தை முன்னால் வீட்டுக்காரரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை அடுத்த டம்ளரில் டீயை ஊற்றினார்.

ரிமோட் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராக வைத்து அழுத்தினேன். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் கேமராவில் ஊதா நிறத்தில் மின்னியது. ஆக, இது பேசுகிறது. எதிரில் இருப்பதுதான் கேட்கவில்லை. ஒன்று கேட்கவில்லை என்றால் கெட்டுப்போயிருக்கலாம். மூன்றும் ஒரே நாளில் எப்படிக் கெடும்? அதுவும் பூஜை நாளில்?

பூஜை என்று நினைத்ததுமே எனக்குப் பளிச்சென்றது. ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓடவில்லை. லைனே நின்றுவிட்டது. மெயின்டெனன்ஸ் கோவிந்தப்பன் அண்ணன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, சென்சார் கண்ணாடியைத் துணியால் ஒரு துடை துடைத்தார். மெஷின் ஓடிற்று. "எவன்டா சென்சார் மேலயே பொட்டு வெச்சவன்?" என்று அவர் கத்தியது நாலு லைனுக்குக் கேட்டது.

எழுந்து டிவிக்குக் கிட்டே போனேன். அடிவிளிம்பில், சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், எட்டணா அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. செட்டாப் பாக்ஸிலும் அதே இடம். ஹோம் தியேட்டரிலும் அதே இடம்.

"அத்தே, இங்க எதுக்குப் பொட்டு வெச்சீங்க?"

"அங்கதான செவப்பா வெளக்கு எரியுது? சாமி வெளக்காட்டம் இருந்துச்சு. அங்கயே வெச்சேன்."

"அதான் அதோட கண்ணு. ரிமோட் சொல்றது அது வழியாத்தான் உள்ள போவும். கண்ண மூடி வெச்சிருக்கீங்க."

நான் துணியை எடுத்ததும் அத்தை பதறி எழுந்தார். "பூஜைப் பொட்ட தொடைக்கக் கூடாது சுசி. தானா உதிரணும்."

பாயில் இருந்த பெண்களும் "ஆமாம்மா, தொடைக்கக் கூடாது" என்றார்கள். மணி மூன்று முப்பத்தைந்து. நான் அத்தையைப் பார்த்தேன். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் அவர் அசைய மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அத்தை மூன்று பொட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கி நனைத்தார். "சாமிக்கு நம்ம நெலம தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் தானே துடைத்தார். கையோடு சந்தனம் குழைத்து, டிவியின் மேல்விளிம்பிலும் மற்ற இரண்டின் தலையிலும் புதுப்பொட்டு வைத்தார்.

நான் தாளை எடுத்து முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். நான்காவது எண்ணுக்கு டிவி கண் விழித்தது. பெண்கள் கை தட்டினார்கள். ஹோம் தியேட்டர் ஒன்பதாவது எண்ணுக்கு 'டுங்' என்றது. பாக்கி செட்டாப் பாக்ஸ். தேடும் வழியில் போட்டு, பவர் பட்டனை அழுத்திக்கொண்டே வந்தேன்.

"வேகமா அழுத்து, மணி ஆவுது" என்றார் விமல்ராஜ்.

"வேகமா அழுத்துனா சரியான நம்பரத் தாண்டிப் போயிரும். சும்மா இருங்க."

ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு மூச்சு. மூன்று ஐம்பத்தாறுக்கு பாக்ஸின் சிவப்பு விளக்கு பச்சையாக மாறியது. சட்டென்று 'ஓகே'யை அழுத்தினேன். படம் வந்தது, சத்தம் வந்தது, சேனலும் மாறியது. எனக்கு விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். விமல்ராஜ் அடித்தார்.

"தண்ணி உள்ள போயிருச்சுன்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டேன். அவர் கவரில் கட்டி வைத்த பழைய ரிமோட்களைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சரோஜம்மாள் சரியாக நாலு மணிக்கு வந்து வாசலில் நின்றார். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. எது பேசினாலும் நிலைப்படிக்கு வெளியில்தான்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் பூஜை, பிறகு மேனேஜர் பேச்சு, பிறகு மைதானம். "கேன்டீன் அணியில் கடைசியாக நிற்பவர் செல்லி அவர்கள்" என்று மைக்கில் ஒரு குரல். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். "என் பேரையா சொல்றான்?"

திரையில் அத்தை முந்தானையைச் செருகி, இடுப்பில் கயிற்றோடு, குதிகாலை மண்ணில் ஊன்றி மல்லாந்தாற்போல் சாய்ந்திருந்தார். எதிரணி இழுத்தது. கேன்டீன் பெண்கள் இரண்டு அடி சறுக்கினார்கள். அத்தை சறுக்கவில்லை. பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு தெரிந்தது, ஒரு காலைப் பின்னால் வைத்தார். இன்னொரு கால். அவர் பின்னால் போகப் போக மொத்தக் கயிறும் வந்தது. நான் ரிமோட்டில் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினேன். ஆறு வீடும் அதிர்ந்தது. கடைசியில் எதிரணி மொத்தமும் மண்ணில் விழுந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம்.

திரும்பிப் பார்த்தபோது சரோஜம்மாள் வாசலில் இல்லை. உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, வாய் திறந்தபடி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"செல்லி, மறுபடியும் போடுவாங்களா? என் மருமவ பாக்கலியே. சொன்னா நம்ப மாட்டாளே."

அத்தை அவருக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டினார்.

"போட மாட்டாங்கம்மா. நீங்கதான் பாத்தீங்கல்ல? நீங்களே போயி சொல்லுங்க."

டீயைக் குடித்துவிட்டு அவர் போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மாடி வீட்டு வாசலிலிருந்து, அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில், அவர் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மருமகள் முன்னால் முந்தானையை இடுப்பில் சுற்றி, பின்னால் சாய்ந்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மருமகள் நம்பாமல் சிரிக்க, அவர் விடாமல் இன்னொரு தடவை இழுத்துக் காட்டினார்.