மச்சினன் மறைத்த பந்து

மச்சினனைப் பற்றி நேர்மையாக அபிப்பிராயம் சொல்லும் வேலை என் பகைவனுக்குக்கூட வரக் கூடாது.

"மூணு ஆட்டம் ஆடட்டும். அப்புறம் நீயே சொல்லு, வச்சுக்கலாமா, ஜூனியர் டீமுக்கே திருப்பி அனுப்பிடலாமான்னு," என்றார் எங்கள் ஹாக்கி டீம் கோச். "கோல்கீப்பர் நீதானே அவன் பின்னாடி நிக்கிறே? உறவுன்னு பாக்காதே."

எப்படிப் பார்க்காமல் இருப்பது? அவன் என் மனைவிக்கு ஒரே தம்பி. அவனைத் திருப்பி அனுப்பினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

பையன் மோசமில்லை. எதிராளியின் ஸ்டிக்கிலிருந்து பந்தைப் பறிப்பதில் கில்லாடி. பேர் வாங்கிய ஆட்டக்காரர்களைப் பார்த்து மிரளவும் இல்லை. ஆனால் எதிரணிக்கு நேராகக் கோலுக்கு அடிக்க வாய்ப்புத் தரும் பெனால்ட்டி கார்னர் வந்தால் போதும், புத்தி பேதலித்துவிடும். பந்தை அடிப்பவனை நோக்கி முதல் ஆளாகப் பாய்வது அவன் வேலை. சற்று ஓரமாக ஓடினால்தான் பின்னால் நிற்கும் எனக்குப் பந்து தெரியும். இவனோ என் கண்ணை மறைத்துக்கொண்டு நேராக ஓடுவான். முதல் ஆட்டத்தில் அப்படி ஒரு கோல் வாங்கினோம். இரண்டாவதில் இன்னொன்று. பயிற்சியில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறானே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியிலும் அதே கூத்து. நல்லவேளை, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. இடைவேளையில் உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் ஓங்கி வைத்தேன்.

"டேய், உன் மனசுல என்னதான்டா நினைச்சுக்கிட்டிருக்கே? எதுக்குடா என் முன்னாடியே வந்து நிக்கிறே?"

அவன் தரையைப் பார்த்தான். "அக்காதான் மாமா..."

"அக்காவுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"போன வருஷம் உங்களுக்குத் தோள் உடைஞ்சுதுல்ல? மேட்ச்ல மாமா மேல பந்து படாம பாத்துக்கோன்னு சத்தியம் வாங்கிருச்சு."

அறையே கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அட மடையா! உடம்பு பூரா பேடு கட்டிக்கிட்டு நிக்கிறதே பந்து என் மேல படத்தான்டா. பந்து தெரியலைன்னாதான் எனக்கு ஆபத்து. சத்தியத்தை விடு, உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஆட்டம் முடியும் நேரத்தில், ஒரு கோல் முன்னணியில் நாங்கள் இருக்கும்போது, எதிரணிக்குப் பெனால்ட்டி கார்னர். அவன் ஓடினான், ஓரமாக. அடிப்பவனின் கை தெரிந்தது, ஸ்டிக் தெரிந்தது, அப்பா, பந்தும் தெரிந்தது! தோளைக் கொடுத்தேன். பட்டுத் தெறித்த பந்தை அவனே ஓடி வந்து வெளியே தள்ளினான். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

கோச் கிட்டே வந்து புருவத்தை உயர்த்தினார்.

"வச்சுக்கலாம் சார்," என்றேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி.

"சரி, அப்ப அவன் நம்ம ஆளு. நீயே சொல்லிடு," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

சொன்னேன். அவன் உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, கோவிச்சுக்காதே. மாமா தோள்ல பந்து பட விட்டுட்டேன்..."

"முதல்ல டீம்ல எடுத்துட்டாங்கன்னு சொல்லித் தொலைடா!" என்று கத்தினேன்.

சொன்னான். மறுமுனையில் அவள் போட்ட சந்தோஷக் கூச்சல் நான் இருந்த இடம் வரைக்கும் கேட்டது.